வலீதுக்கு ஒரு வீடு

"காங் அண்ணே, நடக்க வரீங்கதானே?"

ஹார்டுவேர் கடைக்காரர் காங், ஷட்டரை இழுத்தபடியே அந்த மஞ்சள் பனியன் கூட்டத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்கு?"

"அகதிகளுக்கு வீடு கேட்டு!" என்றாள் மிர்யோங். ஊர்வலமே அவள் ஏற்பாடுதான். "அந்த ஏமன்காரர் வலீத், பொண்டாட்டி பிள்ளைங்களோட மாசக்கணக்கா சர்ச் ஹால்ல கிடக்கறார். நம்ம ஜேஜு தீவுல ஒருத்தரும் வாடகைக்கு விடமாட்டேங்கறாங்க."

"நீங்க நடந்தா வீடு முளைச்சிடுமா?"

"ஜனங்க மனசாவது மாறும்ல?"

"உன் வீட்டுப் பின்கட்டு சும்மாதானே கிடக்கு?"

மிர்யோங்கின் முகம் சிவந்தது. "அது... மாமியாருக்குப் பிடிக்காது அண்ணே."

"அப்ப முதல்ல மாமியாரைக் கூட்டிட்டு நட. எனக்கு இன்னிக்கு வேலை கிடக்கு."

ஷட்டர் படாரென்று இறங்கியது.

"கல்லு மனுஷன்!" என்றான் கூட வந்த சோக்யு. "நல்ல காரியம்னாலே காது கேக்காது அவருக்கு."

கடலோரமாக ஊர்வலம் கிளம்பியது. ஆரஞ்சு விற்கிற பெண்கள் கை தட்டினார்கள். "அகதிக்கும் ஒரு வீடு வேணும்!" என்ற கோஷத்துக்கு நடுவே, வழி நெடுக காங்கின் தலைதான் உருண்டது.

"பொண்டாட்டி செத்ததுல இருந்து கடை மாடியைப் பூட்டியே வெச்சிருக்கார். இவர் நமக்கு புத்தி சொல்றார்!"

துறைமுகத்தில் மேடை தயார். பேச வேண்டிய வலீதைத்தான் காணோம்.

சோக்யு சர்ச் ஹாலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "அக்கா, ஹால் காலி! படுக்கைகூட இல்ல. யாராவது விரட்டிட்டாங்களோ?"

மிர்யோங் பதறிப்போய் போன் போட்டாள்.

"மன்னிச்சிடுங்க அக்கா," வலீதுக்கு மூச்சு வாங்கியது. "மேடைக்குப் போயிட்டு வந்துடறேன்னு கெஞ்சிப் பார்த்தேன். காங் அண்ணன் விடமாட்டேங்கறார். குடி மாறுறவங்க பின்னாலேயே பேய் வராத நல்ல நாளாம் இன்னிக்கு. இதை விட்டா இன்னும் ஒரு வாரத்துக்கு மேல காத்திருக்கணுமாம். எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லேன்னேன். 'உனக்கு இல்லாட்டி என்ன, என் மாடி, எனக்கு இருக்கு'ங்கறார்."



போனுக்குப் பின்னாலிருந்து காங்கின் குரல் கத்தியது.

"யாரு, மிர்யோங்கா? நடந்து முடிச்சாச்சாம்மா? அப்படியே அந்த மஞ்சள் பனியனுங்களை இங்கேயும் கொஞ்சம் நடந்து வரச் சொல்லு. ஃபிரிட்ஜ் மாடிப்படியில மாட்டிக்கிட்டு நிக்குது!"