மீந்துபோன மரம்

ஆறு மாதமாகப் பட்டறையில் ஒரு பெட்டிகூடத் தேங்கவில்லை, தட்டுப்பாடும் வரவில்லை. எல்லாம் மேலாளர் போடும் கணக்கு.

"அடுத்த மாசம் எத்தனை?" என்று கேட்டார் முதலாளி.

"நூத்தியிருபது போட்டுடலாம் சார்."

"முப்பதுதானேய்யா போகும்?"

"மரக்கடைக்காரர் பாதி விலைக்கு சரக்கு தர்றாராம். சுரங்கத்துல கூரைக்கு முட்டுக் குடுக்க எடுத்து வச்ச மரம். செலவைக் குறைக்கணும்னு சுரங்கக் கம்பெனிக்காரங்க ஆர்டரைப் பாதியா வெட்டிட்டாங்க."

"மலிவுன்னு செஞ்சு குவிச்சா எவன் வாங்குவான்?"

"அவங்களேதான் சார்."

முதலாளி பட்டறையைத் திரும்பிப் பார்த்தார். மெருகேற்றிய சவப்பெட்டிகள் சுவரோரம் வரிசையாக நின்றன.

"சரி. வேற யாராவது மரத்தைத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள வாங்கிப் போடு."

அளவு நாடாவோடு பக்கத்தில் நின்ற மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி அந்தச் சுரங்கத்தில்தான் வேலை பார்க்கிறான். நாடாவைக் கீழே போட்டுவிட்டு, போனைக் காதில் வைத்தபடி வாசலுக்கு ஓடினார்.

"டேய், நாளையிலேர்ந்து நீ உள்ள இறங்காத. ஏன்னு கேக்காத."

மேலாளர் தாளிலிருந்து நிமிரவே இல்லை. பேனாவால் ஒரு எண்ணை அடித்துத் திருத்தினார்.

"நூத்திப் பத்தொம்பது போதும் சார்."