கால் பட்டால் அவுட்

"பட்டுடுச்சு! கால் பட்டுடுச்சு! அவுட்!"

டிரில் மாஸ்டர் இராஜாங்கம் விசிலை ஊதிவிட்டுக் கத்தினாரா, கத்திவிட்டு ஊதினாரா என்பது அவருக்கே தெரியாது.

"படலீங்க சார்" என்றாள் வைரக்கண்ணு. சைக்கிளை விட்டு இறங்கவில்லை. எல்லைக்கோட்டு மூங்கிலை ஒரு கையால் பிடித்தபடி சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

குடவாசல் மைதானத்தில் பெண்கள் சைக்கிள் விழா, சனி ஞாயிறு இரண்டு நாள். கடைசிப் போட்டி மெது சைக்கிள். எல்லோருக்கும் பிந்தி வருகிறவள்தான் ஜெயித்தவள். ஆனால் நடுவில் கால் தரையில் படக்கூடாது. பரிசு, ஒரு புது லேடீஸ் சைக்கிள். கால்களைக் கவனிக்கும் பொறுப்பு இராஜாங்கத்துக்கு. கட்டிய மனைவி எதிர்வரிசையில் உட்கார்ந்திருக்க, பெண்கள் காலையே உற்றுப் பார்க்கும்படி அரசாங்கம் உத்தரவு போட்டால் ஒரு மனுஷன் என்னதான் செய்வான்? பார்த்தார்.

மற்ற எல்லோரும் கோட்டைத் தாண்டியாயிற்று. வைரக்கண்ணு மட்டும் பாக்கி. கோட்டுக்கு இரண்டு முழம் இருக்கும்போது அவள் வண்டி சாய்ந்தது. துணி சுற்றிய இடது கால் கீழே ஊன்றி எழும்பியது. நடவுக்காரிகளுக்குச் சேற்றுப்புண் சகஜம், அதுதான் துணி என்று இராஜாங்கம் நேற்றே முடிவு கட்டியிருந்தார்.

"ஏம்மா, என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்."

"நீங்க எதைப் பாத்தீங்களோ! என் கால் படல."

"செருப்புல மைதானத்துக் கோட்டுச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கே?"

"செருப்பு பட்டிருக்கும். கால் படலீங்க."

"அப்ப செருப்பு தனியா நடந்து வந்துச்சாக்கும்!" என்று கூட்டத்தில் ஒரு குரல். மைதானமே சிரித்தது.

இராஜாங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றுப் பெயர் கொடுக்கும்போதே அவள் சொல்லியிருந்தாள். புருஷன் திருப்பூர் போனவன், திரும்பவில்லை. இரண்டு பெண்கள். பெரியவள் அம்சவல்லி எட்டாவது முடித்துவிட்டாள். ஒன்பதாவதுக்கு ஏழு மைல் போகவேண்டும். 'இந்த சைக்கிள் கெடைச்சா ஸ்கூலுக்கு, இல்லேன்னா நடவுக்கு சார்.' இப்போது அவள் உட்கார்ந்திருப்பதே வாடகை சைக்கிள்.

மனசு 'விட்டுத் தொலையேன்' என்றது. கழுத்தில் தொங்கிய விசில் 'விடாதே' என்றது. இராஜாங்கம் எப்போதும் விசில் பேச்சைக் கேட்கிறவர்.

அதற்குள் இரண்டு பெண்களும் ஓடிவந்துவிட்டார்கள்.

"எங்கம்மா கால் தரையில படவே இல்ல சார்" என்றாள் அம்சவல்லி. "திருவிடைமருதூர் மகாலிங்கசாமி மேல சத்தியம்!"

சின்னவள் வேம்பு களுக்கென்று சிரித்தாள். பெரியவள் அவள் கையைக் கிள்ளினாள்.

"சாமி மேல பொய்ச் சத்தியமா!" இராஜாங்கத்துக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, ஒரு சைக்கிளுக்காகப் புள்ளைங்களைப் பொய் சொல்லப் பழக்கியிருக்கியே?"

வைரக்கண்ணுவின் முகம் மாறியது. "என்னை என்ன வேணா சொல்லுங்க சார். எம் புள்ளைங்களைச் சொல்லாதீங்க."

"என்னய்யா அங்க தகராறு?" மேடையிலிருந்து சிறப்பு விருந்தினர் செல்லதுரை இறங்கி வந்தார். நூறு ஏக்கர்க்காரர். ஆட்சி மாறும்போதெல்லாம் தவறாமல் துண்டின் கரையை மாற்றிக்கொள்கிற அளவுக்குக் கொள்கைப் பிடிப்பு. காலையில் அரைமணி நேரம் பேசியிருந்தார்: 'கூலி ஏத்திக் கேட்டுக் கொடி புடிச்சு அறுப்பை நிறுத்தினாங்களே, அப்பவே இந்தப் பக்கத்துக்கு மொத மொத கதிரடிக்கிற மிஷினைக் கொண்டுவந்தவன் நான்!'

அவர் வைரக்கண்ணுவை ஏற இறங்கப் பார்த்தார். "உன்னை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே?"

"இருக்கும்ங்க."

"சரி, ரூல் என்ன சொல்லுது மாஸ்டர்?"

இராஜாங்கம் காகிதத்தை எடுத்துப் படித்தார். "போட்டியாளரின் கால் தரையில் பட்டால் நீக்கப்படுவார்."

"அவ்வளவுதானே? பட்டுச்சா, படலியா?"

"வல்லி, வண்டியைப் புடி" என்றாள் வைரக்கண்ணு. குனிந்தாள். புடவைக் கரைக்குள் கையை விட்டு ஏதோ ஒரு வாரை அவிழ்த்தாள். முழங்காலுக்குக் கீழே உள்ள இடது காலை, துணியும் செருப்புமாக அப்படியே கழற்றி, பக்கத்தில் இருந்த நடுவர் மேஜைமேல் வைத்தாள்.

"இதுதாங்க பட்டுச்சு. தஞ்சாவூர் முகாம்ல குடுத்தது. ரப்பரு."

பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

இராஜாங்கம் மேஜையைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். அம்சவல்லியைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "காலுன்னுதான் போட்டிருக்கு. ரப்பரைப் பத்தி ஒண்ணும் போடல" என்றார். விசிலை ஊதினார், வெறும் காற்றுதான் வந்தது. "முதல் பரிசு வைரக்கண்ணு!"

முதலில் கைதட்டியது அவர் மனைவி.

போட்டோக்காரர் வந்தார். செல்லதுரை புது சைக்கிளின் ஹேண்டில்பாரில் ஒரு கையை வைத்து, துண்டைச் சரிசெய்துகொண்டு, கேமராவுக்கும் கேட்கிற குரலில் உருகினார்: "அடடா... சொந்தக் காலுக்கு என்னம்மா ஆச்சு?"

"அது தரையிலதாங்கய்யா இருக்கு, எட்டு வருஷமா" என்றாள் வைரக்கண்ணு. "உங்க மிஷின் இழுத்ததை உங்க களத்து மூலையிலயே பொதைச்சுட்டுப் போகச் சொன்னது நீங்கதானே?"