ஒரே ஒரு ஸ்டார்

"ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்ட கதையா இருக்கே! அந்த மலையில டென்ட் போட்டுத் தங்க நாலு கேம்ப் இருக்கு. போயும் போயும் இந்த ஏரிக்கரைதானா கிடைச்சுது உனக்கு?"

கைப்பேசியை மனைவியின் மூக்குக்கு நேராக நீட்டினார் அவர். கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. வீட்டிலும் எந்தப் பேச்சை எடுத்தாலும் முதலில் அதைத்தான் மிதிப்பார்.

அவள் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். "என்ன எழுதியிருக்காங்க? படிங்க, கேக்கறேன்."

"கேளு, நல்லாக் கேளு. 'கால் வெச்ச இடமெல்லாம் அட்டை. குடும்பத்தோட யாரும் போகாதீங்க.' ஒரு ஸ்டார். 'ராத்திரி காட்டுப்பன்னி வந்து டென்ட்டைக் கிழிச்சுடுச்சு. தப்பிச்சோம் பிழைச்சோம்னு ஓடி வந்தோம். நீங்களும் போய் மாட்டிக்காதீங்க.' ஒரு ஸ்டார். 'ஏரித்தண்ணி நாத்தம் குடலைப் புரட்டுது. வேற இடம் பாருங்க.' இதுக்கும் ஒண்ணுதான். இத்தனை பேர்ல ஒருத்தர் வாயிலயாவது நல்ல வார்த்தை வருதா?"

"அந்தப் பன்னியை இன்னொரு தடவை படிங்க."

"பாட்டுக் கச்சேரியா நடக்குது, ஒன்ஸ்மோர் கேக்கறே?"

படித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியில் குறை கேட்கும் வேலை அவளுக்கு. காலையில் காதில் மாட்டும் போனைச் சாயங்காலம்தான் கழற்ற முடியும். ஊரார் திட்டுவதையெல்லாம் வாங்கிக்கொண்டு, "மன்னிக்கணும் சார்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். போன வாரம் வீட்டு அழைப்பு மணி அடித்ததற்கே உட்கார்ந்து அழுதுவிட்டாள். மேலதிகாரியிடம் மல்லுக்கட்டி வாங்கிய லீவு இது, இரண்டே நாள். சத்தமில்லாத ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

"இதைப் பாரு, மலை உச்சியில இருக்கற கேம்ப். அஞ்சு ஸ்டார். எல்லாரும் ஆஹா ஓஹோங்கறாங்க."

"போன வருஷமும் அஞ்சு ஸ்டார் கேம்ப்புக்குத்தாங்க போனோம். பக்கத்து டென்ட்ல விடிய விடிய ஸ்பீக்கர் வெச்சு ஆடினாங்களே, மறந்துட்டீங்களா? நான் காருக்குள்ள கண்ணாடியை ஏத்திவிட்டுப் படுத்தேன்."

"அதுக்காகப் பன்னி பக்கத்துலயா படுக்கறது? நெருப்பில்லாமப் புகையுமா?"

"என் காது சொல்லுதுங்க. அங்கேயே போலாம்."

அவள் கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்ததைப் பார்த்ததும் அவருக்கு மேற்கொண்டு பேச மனசு வரவில்லை. பாவம், எப்போதாவதுதான் ஆசைப்பட்டு ஒன்று கேட்கிறாள். அட்டைக்கு இரண்டு பாக்கெட் உப்பும் பன்றிக்கு ஒரு தடியும் காரில் ஏறின.

மலைப்பாதையில் அவள்தான் ஓட்டினாள். வளைவுக்கு வளைவு, தன் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து அவருக்குக் கெண்டைக்கால் வலி எடுத்துவிட்டது.

"கேம்ப் வந்ததும் நீ இறங்காதே. முதல்ல நான் போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றார்.

ஒரு கையில் உப்பும் ஒரு கையில் தடியுமாக இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். மரங்களுக்கு நடுவே ஏரி அலுங்காமல் கிடந்தது. தண்ணீருக்கு அடியில் மணல் தெரிந்தது. நாற்றமாவது ஒன்றாவது! தள்ளித் தள்ளி ஐந்தாறு கூடாரங்கள். ஒருவர் படித்துக்கொண்டிருந்தார், ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்கேயோ ஒரு மரங்கொத்தி மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

அவள் மெல்ல இறங்கி வந்து கரையில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்தாள். மூச்சை நீளமாக இழுத்து விட்டாள். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அடேயப்பா, சொர்க்கம்மா இது! எவன் எழுதினான் அதையெல்லாம்? அவன் வாயில வசம்பை வெச்சுத் தேய்க்க! இரு, இப்பவே படம் எடுத்து, அஞ்சு ஸ்டார் போட்டு, ஊருக்கே சொல்றேன் பாரு!"

எல்லாக் கூடாரங்களிலிருந்தும் தலைகள் திரும்பின. ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. மடக்கு நாற்காலியில் சாய்ந்திருந்த வழுக்கைத் தலைக்காரர் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"சார், சார், மெதுவா! உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், அந்தப் போனை உள்ள வையுங்க. அட்டைன்னு எழுதினது நான்தான். காட்டுப்பன்னி, அதோ தூண்டில் போடறாரே, அந்தப் பல் டாக்டர். வருஷா வருஷம் நாங்க நிம்மதியா இருக்கறதே இங்கதான். இங்கயும் கூட்டம் வந்துட்டா நாங்க எங்க சார் போவோம்?" பிறகு அவள் பக்கம் திரும்பினார். "இவ்வளவு எழுதியும் நீங்க எப்படிம்மா வந்தீங்க?"

"நான் குறை கேக்கற வேலையில இருக்கேங்க. திட்டறவங்க சும்மா திட்ட மாட்டாங்க. பணத்தைத் திருப்பிக் கொடு, மாத்திக் கொடு, மன்னிப்புக் கேளுன்னு எதையாவது கேப்பாங்க. உங்கள்ல ஒருத்தர்கூட அதெல்லாம் கேக்கலை. எல்லாரும் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், வராதீங்கன்னு."

அவள் எழுந்து வந்து, கணவரின் கையிலிருந்த கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். அந்த ஏரிக்கு அஞ்சு ஸ்டார் போடுவதற்காகத் திறந்து வைத்திருந்த பக்கத்தில் ஒரே ஒரு ஸ்டாரை அழுத்தினாள்.

"கரடின்னு இதுவரைக்கும் யாராவது எழுதியாச்சா?" என்று கேட்டாள்.