கோவில் கோட்டு

"மூச்சு வுடாதீங்க," என்று சொல்லி அல்போன்சா புருஷன் வயிற்றைச் சுற்றித் துண்டை இறுக்கினாள். ரெமிஜியஸ் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, வாத்தியாரிடம் அடிவாங்க நிற்பவரைப் போலத் தலையைக் குனிந்து நின்றார்.

"ஜாஸ்தி இறுக்காதடி. ஆனேக்கல் பஸ் வர்ற நேரம்."

"இறுக்கலைன்னா அவங்க எதிர்ல கழண்டு வுழும். சும்மா நில்லுங்க." முதுகில், அவர் கை எட்டாத இடத்தில் முடிச்சுப் போட்டாள். அதற்குமேல் இன்னொரு துண்டை மடித்துச் செருகினாள்.

இருக்கிற தொந்தியை அமுக்கத் துண்டு கட்டுகிறவர்கள் உண்டு. ரெமிஜியஸ் கட்டியது, இல்லாத தொந்தியை உண்டாக்க.

ரெண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. பேக்கரி மேஸ்திரி ரெமிஜியஸ் அதற்கு முந்தின வருஷம்வரை ஜோகுபாளையத்திலேயே பருத்த ஆள். ஒருநாள் மாவு பிசைந்துகொண்டிருந்தவர் அப்படியே தலைசுற்றி விழுந்தார். வாயைக் கட்டு, நட, இல்லாவிட்டால் மகள் கல்யாணத்தைப் பார்க்கமாட்டாய் என்றார் டாக்டர். டாக்டர் பேச்சை நம்புகிற ஆளில்லை அவர். ஆனால் விழுந்தது அவர் உடம்புதானே.

ராத்திரிச் சோற்றை விட்டார். ஒரு களி உருண்டை, கொள்ளு ரசம், அவ்வளவுதான். விடிகிற நேரத்தில் அல்சூர் ஏரியைச் சுற்றி நடந்தார். தன் கையால் சுட்ட பன்னை மோந்து பார்ப்பதோடு சரி. கிறிஸ்துமஸ் கேக்கை ஊருக்கெல்லாம் வெட்டிக் கொடுத்துவிட்டு விரலைத் துணியில் துடைத்தார், நக்கவில்லை.

உடம்பு வற்றியது. ஊரும் விலகியது.

நடந்து இளைத்தான் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அன்றைக்கு ஒருத்தன் இளைத்தால் ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான்: க்ஷயம். எதிர்வீட்டு ஹெர்பர்ட் கை குலுக்குவதை விட்டுவிட்டு, தூரத்திலேயே தொப்பியைத் தொட்டான். முன்பெல்லாம் கோவில் பெஞ்சில் இவர் பக்கத்தில் உட்கார இடமிருக்காது. இப்போது இடமிருந்தது, உட்காரத்தான் ஆளில்லை. பூசை நடுவில் இருமல் வந்தால் வெட்கப்பட்டு அதை விழுங்கிக்கொள்வார்.

அதோடு போகட்டும் என்றால், மகள் பவுலின் இருக்கிறாள். அவளோடு படித்த பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு திரிகிறார்கள். போன வருஷம், இவர் பருமனாக இருந்தபோது, ஆனேக்கல் சில்வெஸ்டர் வாத்தியார் தன் மகன் டென்சிலுக்கு அவளைக் கேட்டுச் சம்சாரத்தோடு வந்தார். பிரியாணி போட்டார்கள். ரெமிஜியஸ் மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"உங்க அப்பா எதுல போனாரு?" என்று வாத்தியார் சம்சாரம் கேட்டாள்.

"இலை முன்னால உக்காந்தபடியே போனாரு, மகராசன்," என்று ரெமிஜியஸ் பெருமையாகச் சொன்னார்.

அன்றைக்குப் போனவர்கள்தான், பிறகு மூச்சே இல்லை. இப்போது திடீரென்று, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று பாதர் மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"ஏதோ மாதா புண்ணியத்துல திரும்பி வராங்க," என்றாள் அல்போன்சா. "உங்க கோலத்தைப் பாத்தா சீக்குக்காரன் வீடுன்னு அப்படியே பஸ் ஏறிடுவாங்க."

கொக்கியில் மாட்டியதுபோல இத்தனை நாள் தொங்கிய கோவில் கோட்டு, இன்றைக்கு வயிற்றில் ஏறி உட்கார்ந்தது. அவருக்குக் கண்ணாடியைப் பார்க்கக் கூசியது.

சில்வெஸ்டர் தனியாகத்தான் வந்தார். சிரித்துக்கொண்டே படியேறியவர் ரெமிஜியஸின் வயிற்றைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

ஒட்டிய கன்னத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்து, ரெமிஜியஸ் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒக்காருங்க வாத்தியாரே. சம்சாரம் வரலையா?"

"மொதல்ல நான் பாத்துட்டு வந்து சொல்றேன்னுட்டு வந்தேன்."

அல்போன்சா கேக்குத் தட்டை வைத்துவிட்டுப் புருஷனுக்குக் கண்ணைக் காட்டினாள். நோயாளிக்கு நாக்கு செத்துப்போகும், எடுத்துத் தின்று காட்டு என்று அர்த்தம். ஒரு வருஷமாகத் தொடாத கேக்கு. ரெமிஜியஸ் ஒரு துண்டை விழுங்கினார். வாத்தியார் பார்த்துக்கொண்டே இருந்ததால் இன்னொன்றை எடுத்தார். மூன்றாவது தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்து அதையும் தள்ளினார்.

சில்வெஸ்டர் காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்தார். "அப்ப நான் வரேன், மேஸ்திரி."

"பொண்ணைக்கூட கூப்பிடலையே. ஏதாச்சும் தப்பு நடந்துச்சா?" என்றார் ரெமிஜியஸ்.

வாத்தியார் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார். "மறைச்சுப் பேசத் தெரியாது எனக்கு. என் கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரும் சக்கரை வியாதில போயிட்டாங்க. வாயைக் கட்ட முடியலை. டென்சிலும் அதே ரத்தம்தான். அவனைக் கட்டிக் காப்பாத்துற மாதிரி ஒரு வீட்டுல பொண்ணெடுக்கணும்னு எங்களுக்கு ஆசை. போன தரம் உங்க வீட்டுச் சாப்பாட்டைப் பாத்து எங்க வீட்ல பயந்துட்டாங்க."

ரெமிஜியஸ் கேக்குத் தட்டைத் தள்ளி வைத்தார். உதட்டோரம் தூள் ஒட்டியிருந்தது.

"நீங்க வாயைக் கட்டி, ஏரியைச் சுத்தி நடந்து, பாதி ஆளா எளைச்சுட்டீங்கன்னு பாதர் சொன்னாரு. அதை நம்பித்தான் வந்தேன்."

உள்ளே பவுலினின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது. தெருக்கதவு திறந்து கிடந்தது. ஹெர்பர்ட் தன் வாசலில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரெமிஜியஸ் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். சட்டைப் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கையைப் பின்னால் கொண்டுபோய்த் துழாவினார். முடிச்சு எட்டவில்லை.

"அல்போன்சா, வந்து அவுத்து வுடு."