திருட்டுப் போயிருந்தால் மட்டும்

இந்துமதியின் கம்பெனியில் குழந்தைகளுக்கான பனியன் உடைகள் தைத்தார்கள். அந்தத் திங்கட்கிழமை கரண்ட் ஏறி இறங்கியதில், கம்பெனியில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் புகை விட்டு அடங்கியது. துணி வெட்டுவதற்கான இருநூறு பேட்டர்ன்களும் அதற்குள்தான். வெளிநாட்டுக்கு சாம்பிள் அனுப்பப் பத்தே நாள் இருந்தது.

பேட்டர்ன் மாஸ்டர் தமிழ்செல்வன் பழைய சாமான் கடைகளில் அலைந்து, ஒன்றின் மதர்போர்டு, இன்னொன்றின் மெமரி, மூன்றாவதன் பெட்டி என்று வாங்கி வந்து ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்துவிட்டான். எரிந்ததில் தப்பிய ஹார்டு டிஸ்க்கை அதில் மாட்டினான். திரை வெளிச்சமானதும் இந்துமதி கைதட்டினாள்.

பேட்டர்ன் சாஃப்ட்வேர் மட்டும் திறக்கவில்லை. 'இது வேறு கம்ப்யூட்டர். உங்கள் லைசென்ஸ் இதற்குச் செல்லாது' என்றது.

இந்துமதி சாஃப்ட்வேர் கம்பெனியின் ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டாள்.

"மதர்போர்டு மாறிட்டா அது வேற கம்ப்யூட்டர்தான் மேடம்" என்றாள் அந்தப் பக்கம் ஒரு பெண்.

"பழசு எரிஞ்சே போச்சுங்க."

"எரிஞ்சதுக்கெல்லாம் எங்க ரூல்ஸ்ல இடமில்ல மேடம். திருட்டுப் போயிருந்தா மட்டும் எஃப்.ஐ.ஆர். காப்பி அனுப்புங்க. ஸ்டேஷன்ல விசாரிச்சுட்டு புதுசுக்கு மாத்திக் கொடுத்துடுவோம்."

இந்துமதி போனை வைத்தாள்.

"தமிழு, நம்ம கம்ப்யூட்டர் திருட்டுப் போயிருச்சு."

"எப்பங்கக்கா?"

"இப்பத்தான்."

எரிந்த கம்ப்யூட்டர் கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைக்குள் போனது. தமிழ்செல்வன் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் கம்பி ஒன்றை வளைத்தான். பாதிதான் வளைந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து அந்த இடைவெளியை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல பூனைகூட நுழையாதேம்மா?"

"ஒல்லித் திருடனா இருப்பானுங்க" என்றாள் இந்துமதி.

எஃப்.ஐ.ஆர். கிடைத்தது. இரண்டே நாளில் லைசென்ஸும் வந்தது. தமிழ்செல்வன் விசில் அடித்தபடி வேலையைத் தொடங்கினான். பாதி சாம்பிள் முடிந்திருந்தபோது போன் வந்தது.

"உடனே ஸ்டேஷனுக்கு வாங்க. உங்க கம்ப்யூட்டர் சிக்கிருச்சு" என்றார் இன்ஸ்பெக்டர்.

இந்துமதி போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். "தமிழு, அந்த மூட்டை எங்கே?"

"காலையில வேஸ்ட் வண்டியில ஏத்தி உட்டுட்டாங்கக்கா..."

பொய்ப் புகாருக்கு எத்தனை வருஷம் என்று செல்போனில் தேடிக்கொண்டே இருவரும் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே பெஞ்சு முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு குண்டு ஆசாமி உட்கார்ந்திருந்தான்.

"உங்க ஜன்னல்ல நுழைஞ்சவன் இவன்தான்" என்றார் இன்ஸ்பெக்டர் பெருமையாக. "ஒம்பது கம்பெனியில கை வெச்சிருக்கான். உங்களதையும் ஒத்துக்கிட்டான்."

இந்துமதி ஆசாமியின் வயிற்றைப் பார்த்தாள். ஆசாமி கூச்சப்பட்டான்.

"மூச்சைப் புடிச்சுக்கிட்டுத்தானுங்கக்கா நுழைஞ்சேன்" என்றான்.

இன்ஸ்பெக்டர் மேசைக்கடியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை இழுத்தார். ஓரத்தில் தட்டினார். தகர டப்பா போலச் சத்தம் வந்தது.

"உள்ள இருந்ததை எல்லாம் வித்துத் தின்னுட்டான். பெட்டிதான் மிச்சம். மத்த எட்டுப் பேரும் அவங்கவங்களதை அடையாளம் சொல்லிட்டாங்க. இது உங்களதுதானே?"

இல்லை என்றால் புகார் பொய்யாகிவிடும்.

"எங்களதேதானுங்க" என்றாள் இந்துமதி. தமிழ்செல்வன் பெட்டியைக் கட்டிப்பிடித்து, "ராசியான பெட்டிங்க சார்" என்று கண் கலங்கினான். கையெழுத்து வாங்கினார்கள். திருடனோடு நிற்கவைத்துப் போட்டோவும் எடுத்தார்கள்.

கம்பெனி வாசலுக்கு வந்த பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது. காலிப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தமிழ்செல்வன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதி சாம்பிளை முடிக்க உட்கார்ந்தான். சாஃப்ட்வேர் திறக்கவில்லை. அதற்குப் பதில் சாஃப்ட்வேர் கம்பெனியிடமிருந்து ஒரு மெயில் வந்திருந்தது.

'காவல் நிலையத்தின் தகவல் கிடைத்தது. திருட்டுப் போன தங்கள் கம்ப்யூட்டர் திரும்பக் கிடைத்ததற்கு வாழ்த்துகள்! புதிய கம்ப்யூட்டருக்குக் கொடுத்த லைசென்ஸை ரத்து செய்துவிட்டோம். இனி வழக்கம்போலப் பழையதிலேயே வேலையைத் தொடரலாம்.'