கால் மைல்

“இந்த எஞ்சினை இப்படியே மாட்டிக்கிட்டுப் போனா, பச்சை விளக்கு விழுந்த அடுத்த நொடியே உன் வண்டி படுத்துடும், மார்லா.”

லிஃப்டில் உயர்ந்து நின்ற காருக்கு அடியிலிருந்து பேசினார் மெக்கானிக் வெர்லின். 1970-ஆம் வருஷத்துக் கார், கரும்பச்சை நிறம். பக்கத்தில் மரப்பெட்டிக்குள் புது எஞ்சின் இருந்தது. பழையதைப் போல் இரண்டு மடங்கு பலம். அதை வாங்குவதற்காக மார்லா மூன்று குளிர்காலம் விடுமுறையே எடுக்காமல் பனி தள்ளும் லாரி ஓட்டியிருந்தாள்.

“எதெது மாத்தணும்?”

“எஞ்சினுக்குப் பின்னால இருக்கற எல்லாத்தையும். கிளட்ச், கியர்பாக்ஸ், அங்கேருந்து பின்னால சுழற்சியைக் கொண்டுபோற ஜாயிண்ட் ஷாஃப்ட், பின் ஆக்ஸில். ஒண்ணை மட்டும் கெட்டியாக்கினா, இந்த எஞ்சின் அடுத்ததைத் தேடிப் பிடிச்சு ஒடிக்கும்.”

“மே பத்தாம் தேதிக்குள்ள ஆகுமா?”

“ஆகணும்” என்றார் வெர்லின்.

வீடு திரும்பும்போது அவள் கணவன் டோயல் பொறுக்க முடியாமல் கேட்டான்: “இந்தியானாவுல வேற மெக்கானிக்கே கிடைக்கலையா உனக்கு?”

“ஆக்ஸில் வேலைக்கு அவரை விட்டா ஆள் இல்ல.”

“இருக்கட்டும். அதுக்காக உன் வண்டியைப் போயா அவர் கையில குடுப்ப?”

மே மாதம் இரண்டிரண்டு கார்களாக நேர்ப்பாதையில் ஓடும் கால் மைல் பந்தயத்தில் ஆறு வருஷமாக ஒரு சாம்பல் நிறக் காருக்குத்தான் கோப்பை. போன வருஷம் இறுதி ஓட்டத்தில் அதற்குப் பக்கத்துப் பாதையில் நின்றவள் மார்லா. விளக்கு விழுந்ததும் மிதியை அழுத்தினாள். டமார் என்று ஷாஃப்ட் முறிந்து, தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தது. சாம்பல் கார் கால் மைல் தூரமும் தனியாக ஓடி ஜெயித்தது.

மார்ச்சில் கிளட்சும் கியர்பாக்ஸும் ஏறின. ஏப்ரலில் தடித்த ஷாஃப்ட் வந்தது. அது முறிந்தாலும் உள்ளே பாயாதபடி சுற்றிலும் இரும்பு வளையம் போட்டார் வெர்லின். கடைசியாகப் பின் ஆக்ஸில். எல்லாம் முடிந்தது என்று அவர் சொன்ன மறுநாள், டோயல் முகம் சிவக்க வந்து நின்றான்.

“இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கு. உன் வண்டி மறுபடியும் பிரிஞ்சு கிடக்கு! இப்பத்தான் பாத்துட்டு வரேன். அந்த ஆள் வேணும்னே இழுக்கறாரு.”

மதியச் சாப்பாட்டு இடைவேளையில், வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் பட்டறைக்குப் போனாள் மார்லா. டோயல் சொன்னது உண்மைதான். ஆக்ஸில் துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது.

“நேத்து முடிஞ்சுதுன்னீங்களே?”

“ஓட்டிப் பாத்தேன். பல்சக்கரத்துல லேசா ஒரு ஊளைச் சத்தம். வேற யாருக்கும் கேக்காது.”

“அந்தச் சத்தத்தோட ஓட முடியாதா?”

“ஓடலாம். அஞ்சு தடவை தாங்கும். ஆறாவது தடவை என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது.”

“மறைக்காம சொல்லுங்க, வெர்லின். பத்தாம் தேதி நான் ஓடணுமா, வேணாமா உங்களுக்கு?”

வெர்லின் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“போன வருஷம் உன் வண்டித் தரையில விழுந்த ஓட்டையை நான் குனிஞ்சு பாத்தேன். உன் காலுக்கும் அதுக்கும் ரெண்டு விரல்தான் இடைவெளி. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கலை. நீ ஓடணும். ஓடி, கோட்டைத் தாண்டணும். அதான் எனக்கு வேணும்.”

மார்லா தன் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு விளக்கைப் பிடித்தாள். பற்களுக்கு நடுவிலிருந்த இடைவெளியைத் தாள் போன்ற தகடுகள் வைத்து அளந்து அளந்து சரிசெய்தார் வெர்லின்.

பத்தாம் தேதி. மூன்று சுற்று ஜெயித்து, மறுபடியும் இறுதி ஓட்டத்துக்கு வந்துவிட்டாள் மார்லா. பக்கத்துப் பாதையில் அதே சாம்பல் கார் உறுமிக்கொண்டிருந்தது.

டோயல் ஜன்னலுக்குள் தலையை நீட்டினான். “அந்த ஆள் எதையாவது தளர்த்தி விட்டிருக்கப் போறாரு. பாத்துப் போ.”

“டோயல், தலையை எடு.”

மஞ்சள். மஞ்சள். பச்சை.

மிதியை அடிவரை அழுத்தினாள். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி இறங்கின. எதுவும் முறியவில்லை. இரண்டாவது கியர், மூன்றாவது கியர். சாம்பல் பானெட் பக்கவாட்டில் தலைகாட்டியது, மெல்ல நெருங்கியது. நான்காவது கியர். கோடு!

முடிவு காட்டும் பலகையில் அவள் பக்கத்து விளக்கு எரிந்தது. அரை பானெட் நீள வித்தியாசத்தில் ஜெயித்திருந்தாள்.

ஓடுபாதை முடிவில் வண்டியை நிறுத்தி இறங்கினாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பின்னாலேயே வந்து நின்றது சாம்பல் கார். ஆறு வருஷக் கோப்பையைப் பறிகொடுத்த அதன் ஓட்டுநர் கதவைத் திறந்து குதித்து, தலைக்கவசத்தைக் கழற்றிப் புல்லில் எறிந்துவிட்டு ஓடிவந்து, அவள் காருக்கு அடியில் படுத்து ஆக்ஸிலைத் தடவிப் பார்த்தார்.

“ஒரு கீறல்கூட இல்ல, மார்லா!” என்று கீழேயிருந்து சந்தோஷமாகக் கத்தினார் வெர்லின்.