கட்டுரைக்கு எடுத்த பேய்

பவுடர் அப்பிய முகத்தோடு வரும் ஒரு சினிமாப் பேயைப் பார்த்து ஊரே சிரித்தது. கல்லூரியில் பாடம் எடுக்கும் அஞ்சலிக்கு மட்டும், பயமுறுத்தாத நேரமெல்லாம் அது படத்தில் வரும் பங்களாவில் பாத்திரம் கழுவுவது கண்ணில் பட்டது. 'செத்தும் ஓயாத வேலைக்காரி' என்று ரெட்டியார்பாளையம் வீட்டில் லேப்டாப்பில் அந்தப் படத்தை ஓடவிட்டு அலுப்போடு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள்.

எழுதத் தொடங்கிய மூன்றாம் நாள் மதியம், பாத்திரம் தேய்க்க வரும் லூர்துசெல்வி போன் செய்தாள்.

“டீச்சர், மூணு நாளா ஜொரம், எழுந்துக்கவே முடியல. ஒங்க வீட்டுப் பாத்திரம்லாம் அப்பிடியே கெடக்குமே.”

அவள் தினமும் வந்து போவதாகத்தான் எழுத்தில் மூழ்கியிருந்த அஞ்சலி நினைத்திருந்தாள். சமையலறையை எட்டிப் பார்த்தாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பி லேப்டாப்பைப் பார்த்தாள். படத்தில் பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. பேயைக் காணவில்லை.

கையில் குடித்து முடித்த காபி டம்ளர் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.